யானை பார்க்கப் போன அக்கா

உம்மட தமிழ் நல்லாயிருக்கு, பிள்ளை. லக்‌ஷிகா எண்டுதானே பேர் சொன்னீர்? இஞ்ச பிறந்த பிள்ளையள் மொழிபெயர்க்க வந்தால் பாதியில மூச்சு வாங்குவினம். நீர் அப்பிடியில்லை. நானும் இதே வேலைதான் செய்தனான், பொலிஸில இல்லை, ஆஸ்பத்திரியில. அதால உம்மட கஷ்டம் எனக்கு விளங்கும். நான் கொஞ்சம் கொஞ்சமா நிப்பாட்டிச் சொல்லுறன், நீர் ஆறுதலா இந்த ஒஃபிசர் அம்மாவுக்குச் சொல்லும்.

எனக்கு இங்கிலீசு தெரியும்தானே, பிறகேன் தமிழில சொல்லுறன் எண்டு அவ கேக்கிறா. நியாயமான கேள்வி. இவ்வளவு காலமும் மற்ற ஆக்களுக்காக நான் கதைச்சாச்சு. எனக்காக ஒருக்கால் ஆரும் கதைக்கட்டும் எண்டு நினைச்சன். வேற காரணம் ஒண்டும் இல்லை.

என்ர பேர் மேரிசாந்தி. ஊர் மன்னார். இஞ்ச கோலியர்ஸ் வுட்டில அக்காவோட இருந்தனான். அக்கா றோஸ்மலர், என்னிலும் பதினாறு வயசு மூப்பு. அத்தானோட முதல் வந்தது அவதான். அத்தான் மாரடைப்பில போக, அக்கா உடுப்புத் தோய்க்கிற லோண்டறியில வேலை செய்துகொண்டு என்னை இஞ்ச எடுப்பிச்சா. சண்டைக்குள்ள அம்மாவும் அப்பாவும் செத்து, நான் மாமி வீட்டில சோத்துக்குக் கூச்சப்பட்டுக்கொண்டு கிடந்த காலம். எடுப்பிச்சு, படிப்பிச்சு, குளிருக்கு ஜக்கெற் வாங்கித் தந்து, எல்லாம் அவதான். அதை நான் மறுக்கேல்ல. எழுதச் சொல்லும்.

அக்கா இங்கிலீசு பழகேல்ல. லோண்டறியில முழுக்க எங்கட பொம்பிளையள். பூசை தமிழில. மீன் வாங்கப் போற கடை ரூட்டிங்கில, அவையும் எங்கட ஆக்கள். மிச்சம் இருந்த இங்கிலீசு எல்லாம் நான். டொக்டர், பாங்க், கவுன்சில், காஸ் பாக்க வாற ஆள், எல்லாத்துக்கும் நான். பஸ்ஸில டிரைவர் ஏதும் கேட்டாலும் அக்கா என்னைத்தான் திரும்பிப் பார்ப்பா. நான் லீவு எடுக்கிறது முழுக்க அவவின்ர அப்பொயின்ற்மென்றுகளுக்குத்தான். ரெண்டு சம்மந்தம் வந்து போச்சு. ஒண்டு கனடா, ஒண்டு பரிஸ். போனால் அக்காவுக்கு ஆர் கதைக்கிறது எண்டு நானே வேண்டாம் எண்டன். ஆரும் என்னைக் கட்டாயப்படுத்தேல்ல.

மூண்டாவது ஆள் வைத்தியநாதன். எங்கட ஆஸ்பத்திரியில கம்பியூட்டர் பகுதியில வேலை. சிங்கப்பூர்க்காரர், படிக்க வந்து இஞ்சயே நிண்டிட்டார். மனுசி செத்து கன காலம். நல்ல அமைதியான மனுசன். கன்ரீனில ஒரே மேசையில சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பழக்கம். வேலையை விட்டிட்டு ஊரோட போகப் போறார் எண்டு சொன்ன அண்டைக்கு, "நீங்களும் வர்றீங்களா?" எண்டு கேட்டார். சாப்பாட்டுக்கு வாறியளோ எண்டு கேக்கிற மாதிரித்தான் கேட்டவர். எனக்கு வயசு நாப்பத்தொன்பது. வீட்டை போற வழி முழுக்கச் சிரிச்சுக்கொண்டு போனனான். ஆக்கள் பார்த்திருப்பினம்.

அக்காவுக்குச் சொன்னன். அவ அப்ப மீன் வெட்டிக்கொண்டு நிண்டவ. எங்கட வேதம் இல்லையோ, சைவக்காரனோ எண்டு கேட்டா, ஓம் எண்டன். மீனை வெட்டி முடிச்சா. கையைக் கழுவிப்போட்டு, "நான் கண்ணை மூடினாப் பிறகு போ, மேரி. அதுவரைக்கும் பொறு" எண்டா. கோபத்தில சொல்லேல்ல. கடைக்குப் போய் வா எண்டு சொல்லுற குரல்தான். அண்டைக்கு நல்ல மீன்குழம்பு, ரெண்டு பேரும் வயிறாறச் சாப்பிட்டனாங்கள்.

ஒஃபிசர் அம்மா அந்த இடத்தில எழுதிறா. எழுதட்டும். அதுதான் காரணமெண்டு அவ முடிவெடுத்திட்டா போல.

பயணத்துக்கு வாறன். அக்கா ரிவியில மிருகங்களின்ர புறோகிறாம் பாக்கிறவ, சத்தத்தை நிப்பாட்டிப் போட்டு. விளங்காத சத்தம் எதுக்கு எண்டுவா. சத்தம் இல்லாததால கதையை அவவே சொல்லுவா. "உவள் தாய் விடமாட்டாள் பார். உந்தப் பெரியவன் சும்மா வெருட்டிறான்." யானை எண்டால் அவவுக்கு உயிர். யானையள் ஆறு நீந்திக் கடக்கிறதைக் காட்டினால் சோறு அடுப்பில கரிஞ்சாலும் எழும்பமாட்டா. அக்கா பென்சனுக்குப் போன உடனே, யானை பாக்க ஆபிரிக்கா கூட்டிக்கொண்டு போறன் எண்டு நான்தான் சொன்னனான். வைத்தியநாதன்ர கதைக்குப் பிறகு அக்கா என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்ல. ஆபிரிக்கா எண்டதும் திரும்பிப் பார்த்தா.

ஒழுங்குபடுத்திறது எனக்குக் கைவந்த வேலை. கோயிலில இருந்து லூர்துக்கும் பாத்திமாவுக்கும் யாத்திரை ஆக்களைக் கொண்டு போய்க் கொண்டு வாறது நான்தான். ஆருக்குச் சீனி வருத்தம், ஆர் ஜன்னலோரம் இல்லாட்டிச் சத்தியெடுப்பா, எல்லாம் எனக்குத் தெரியும். செபமாலையோட சிங்கத்திட்டப் போறியளோ எண்டு கோயில் சனம் பகிடி விட்டது. நான் சிரிச்சுப் போட்டு விட்டிட்டன்.

பயண ஏஜென்சியில ஏஞ்சலா எண்டு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. நல்ல பொறுமை. ஜொகனஸ்பேர்க்கில இறங்கி குரூகர் காடு, பிறகு சின்ன பிளேனில சோபே ஆத்தங்கரை, அங்கயிருந்து வான் பிடிச்சு றோட்டால எல்லை கடந்து விக்டோரியா நீர்வீழ்ச்சி, அங்கயிருந்து வீடு. இதுதான் நாங்கள் போட்ட பாதை. ஒரு நாட்டில புல்லு உயர்ந்து நிக்கிற மாசம் மற்ற நாட்டில ஆறு பெருகி நிக்குமாம். எல்லாம் ஒண்டோட ஒண்டு இடிபடும். எனக்கு அந்த வேலை பிடிச்சிருந்தது, மறைக்கத் தேவையில்லை. சாப்பிட்டுக் கோப்பை கழுவினாப் பிறகு வரைபடத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு இருப்பன். அக்கா தேத்தண்ணி கொண்டு வந்து தருவா.

யூலை, ஓகஸ்டில போங்கோ எண்டு ஏஞ்சலா சொன்னவ. புல்லுக் காய்ஞ்சிருக்கும், மிருகம் தெளிவாத் தெரியும், நுளம்பும் இல்லை எண்டு. ஆனால் எங்கட ஆக்களுக்கு யூலையில வோல்சிங்காம் யாத்திரை, ஓகஸ்டில மடுமாதா திருவிழா. அக்கா அந்த ரெண்டையும் விட்டவ இல்லை. தவக்காலத்தில உல்லாசப் பயணம் போகவும் மாட்டா. அதால உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கையோட போறதெண்டு முடிவு. அப்ப மழை முடியிற நேரம், நுளம்பு இருக்கு எண்டு ஏஞ்சலா திருப்பியும் எழுதினவ. வயசான ஆக்களுக்கு மலேரியா இல்லாத காடு தென்னாபிரிக்காவிலேயே இருக்கு எண்டும் எழுதினவ. அங்க யானை ஆறு நீந்தாது. நீந்திறதைப் பாக்கத்தானே போறம் எண்டு நான் வேண்டாமெண்டு எழுதினன்.

அப்பவே நினைச்சனியோ எண்டு ஒஃபிசர் கேக்கிறா. இல்லை. பாதை போடேக்க யானையை மட்டும்தான் நினைச்சனான். நம்பிறதும் விடுறதும் அவவின்ர விருப்பம்.

மலேரியாக் குளிசை ரெண்டு பேருக்கும் எடுத்தனான். அக்கா போடேல்ல. "எங்களுக்கோ மலேரியா? மடுக் காட்டுக்குள்ள வருசா வருசம் கூடாரம் போட்டுப் படுத்தெழும்பின எங்களுக்கோ? சின்னனில வந்து போனதுதானே, இனி வராது" எண்டா. எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறவை. ஒருக்கால் வந்தால் உடம்பு பழகிடும் எண்டு. அது பிழை எண்டு எனக்குத் தெரியும். ஊரில மலேரியா இருந்த காலத்தில போய் வந்த ஒரு ஐயாவுக்கு டொக்டர் அதை விளங்கப்படுத்தேக்க மொழிபெயர்த்தது நான். இத்தினை வருசம் வெளியில இருந்தால் பழைய பலம் ஒண்டும் மிஞ்சாது எண்டு டொக்டர் சொன்னவர். அந்த ஐயா தப்பினதே, மகன் ஆஸ்பத்திரி வாசலில வைச்சே எங்க போய் வந்தவர் எண்டு சொன்னபடியால்தான். இதை அக்காவுக்கு ஒருக்காச் சொன்னனான். ரெண்டாந்தரம் சொல்லேல்ல. என்ர குளிசையை நான் ஒழுங்கா, சாப்பாட்டோட போட்டனான்.

ஆபிரிக்காவில அக்கா வேற ஆள். குரூகரில எங்களுக்கு வந்த வழிகாட்டி தபோ எண்டு ஒரு பெடியன். அக்கா அவனோட தமிழில கதைக்கத் தொடங்கிட்டா. அவன் தன்ர பாஷையில பதில் சொன்னான். ரெண்டு பேரும் கையைக் காட்டிக் காட்டிச் சிரிச்சினம். சிறுத்தை மரத்தில கிடக்கு எண்டு அக்காதான் முதல் கண்டவ. தபோ ஜீப்பை நிப்பாட்டி, "மம்மா குட்" எண்டான். "குட், குட்" எண்டு அக்காவும் சொன்னா. நான் இடையில புகுந்து என்ன சொல்லுறான் எண்டு சொல்லப் போனன். "விளங்குது, நீ சும்மா இரு" எண்டா.

எனக்கு எரிச்சல் வந்தது. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். ஒரு குழந்தைப் பிள்ளை முதன்முதல் நடக்கேக்க தாய்க்கு எரிச்சல் வருமோ? எனக்கு வந்தது.

சோபேயில தங்கின இடத்தில சமையற்காரப் பொம்பிளையோட குசினிக்குள்ள போய் நிண்டா. கொண்டு போன மிளகாய்த்தூளைக் குடுத்து, அவையின்ர கீரைக்கறியில போட வைச்சா. பின்னேரம் வள்ளத்தில போனம். யானையள் வந்தது. பெரிசு முன்னுக்கு, குட்டி நடுவில, தும்பிக்கையை மட்டும் தண்ணிக்கு மேல பிடிச்சுக்கொண்டு. அக்கா செபமாலையைக் கையில சுத்திக்கொண்டு எழும்பி நிண்டிட்டா. இருங்கோ அக்கா, விழப் போறியள் எண்டு நான் சட்டையில பிடிச்சனான். அவ அழுதா. நானும் அழுதனான். அது உண்மையான அழுகைதான், பிள்ளை. அதையும் சொல்லும். நுளம்பு குத்தினது அங்கதான் எண்டு நினைக்கிறன், ஏனெண்டால் அண்டைக்கு அவ கை முழுக்கச் சொறிஞ்சவ.

நீர்வீழ்ச்சிக்குப் போனம். வீட்டை வந்தம். அங்க நடந்ததைப் பிறகு சொல்லுறன்.

வந்து ரெண்டு கிழமைக்குக் கிட்ட ஆகேக்க காய்ச்சல் தொடங்கினது. முதல் நடுக்கம், பிறகு நெருப்பு மாதிரிச் சூடு, பிறகு வேர்வை. நான் மல்லித் தண்ணி அவிச்சுக் குடுத்தன், பனடோல் குடுத்தன். அடுத்த நாள் மத்தியானம், வருத்தத்துக்கு ஃபோனில ஆலோசனை சொல்லுற 111க்கு அடி மேரி எண்டு அக்காவே கேட்டா. அடிச்சன். ஸ்பீக்கரில போட்டன். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, நல்ல பணிவான குரல். அக்காவுக்காக நான் கதைக்கலாமோ எண்டு அக்காட்டயே கேக்கோணுமாம், அது அவையின்ர முறை. நான் தமிழில கேட்டன். அக்கா ஃபோனுக்குக் கிட்ட வாயைக் கொண்டு வந்து, "யெஸ். மை சிஸ்டர் டெல்" எண்டா. எனக்கும் கேட்டது, அந்தப் பிள்ளைக்கும் கேட்டது.

நெஞ்சு நோகுதோ, மூச்சு விட ஏலுமோ, சளி தடிமன் இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டு வந்து, கடைசியா வெளிநாடு எங்கயும் போய் வந்தவவோ எண்டு கேட்டது.

இல்லை எண்டன்.

அக்கா தலையைத் திருப்பி, "என்ன கேக்கினம்?" எண்டா. "வெளிநாடு போனியளோ எண்டு கேக்கினம்." "ஆபிரிக்கா எண்டு சொன்னியோ?" "ஓம் அக்கா, சொல்லிப்போட்டன்." அவ கண்ணை மூடிக்கொண்டா.

அதுக்கு அடுத்த நாள் எங்கட குடும்ப டொக்டரின்ர சேர்ஜரிக்குக் கூட்டிக்கொண்டு போனன். அங்கயும் அதே கேள்வி, அதே பதில். டொக்டரில ஒரு பிழையும் இல்லை. இப்ப எல்லாருக்கும் வைரஸ் காய்ச்சல், ஓய்வெடுங்கோ எண்டவ. அவவுக்குக் கிடைச்ச பதிலுக்கு வேற என்ன சொல்லுறது? அக்கா "தாங்க்யூ டொக்டர்" எண்டு சொல்லிப்போட்டு வந்தா. பிறகு அவவுக்கு அறிவு தடுமாறத் தொடங்கினது. மடுவில கூடாரம் ஒழுகுது எண்டா. அத்தான் வாசலில நிக்கிறார் எண்டா. அப்பதான் அம்புலன்ஸுக்கு அடிச்சன். ஆஸ்பத்திரியில ஒரு இளம் டொக்டர் கேட்ட உடனே ஆபிரிக்கா எண்டு சொன்னன். நான் முகம் மாறாமல் சொன்னதைப் பார்த்து அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உங்கட கையில இந்தக் கேஸ் வந்தது அந்தப் பார்வையாலதான் எண்டு நினைக்கிறன். வேற ஆர் எண்டாலும், முதல் இல்லை எண்டதைப் பயத்தில தடுமாறிச் சொன்னது எண்டு விட்டிருப்பினம். நான் அந்தக் கேள்வியை வேலையில எத்தினையோ பேரிட்டக் கேட்ட ஆள்.

மலேரியா எண்டு கண்டுபிடிச்சு மருந்து ஏத்தினவை, ஆனால் பிந்திப் போச்சு. அக்கா விடியப் பூசை நேரத்தில போயிட்டா. நான் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்.

இப்ப ஒஃபிசர் அம்மா சொல்லுறா, கலியாணம் செய்ய அக்கா விடேல்ல, அதால செய்தனீர் எண்டு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. நீர் வராத முதல்நாள் விசாரணையில நானும் ஓம் எண்டுதான் தலையாட்டினனான். ஆனால் கோயிலில இங்கிலீசு வகுப்பு நடத்திற அனோஜினி வந்து ஏதோ சொல்லியிருக்கிறா எண்டும் இவ இப்ப சொல்லுறா. அக்கா வகுப்புக்குப் பேர் குடுத்தவவாம். தங்கச்சி சிங்கப்பூர் போகப் போறாள் எண்டு சந்தோசமாச் சொன்னவவாம். அப்ப தடை ஒண்டும் இல்லையே, பிறகேன் எண்டு கேக்கிறா.

நீர்வீழ்ச்சியைச் சொல்லுறன்.

அங்க தண்ணி விழுறது மழை மாதிரி மேல வந்து அடிக்கும். ரெண்டு பேரும் பிளாஸ்ரிக் கோட் போட்டுக்கொண்டு நிண்டனாங்கள். அக்கா என்ர காதுக்குக் கிட்ட வந்து கத்தித்தான் சொன்னா. "மேரி, நீ அந்த மனுசனோட போ. நான் மறிக்கேல்ல. பயத்தில அப்பிடிச் சொல்லிப்போட்டன். இஞ்ச வந்து பார்த்தன், என்னால ஏலும். அனோஜினியின்ர வகுப்புக்குப் போறன். நீ போ."

எனக்குச் சந்தோசம் வந்திருக்கோணும். வருமெண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். வரேல்ல. ஒண்டுமே வரேல்ல. கோட்டுக்குள்ள தண்ணி போறதுதான் தெரிஞ்சது.

"ஏலும் எண்டால் ஏன் அக்கா இவ்வளவு காலமும் படிக்கேல்ல?" எண்டு கேட்டன்.

அவ முகத்தைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சா. "நீ இருந்தாய்தானே" எண்டா.

அவ்வளவுதான். அவ குத்திக் காட்டேல்ல, உள்ளதைச் சொன்னா. கனடா, பரிஸ், என்ர லீவுகள், எல்லாத்தையும் அந்த ஒரு சொல்லுக்குள்ள வைச்சுப் பார்த்தன். நான் இல்லாட்டி அவ ஒரு நாள் தாங்கமாட்டா எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு காலமும் எழும்பினனான், படுத்தனான். அவ தாங்கியிருப்பா. பழகியிருப்பா. இன்னும் கொஞ்ச நாளில பஸ் டிரைவரோட பகிடியும் விட்டிருப்பா. அப்ப நான் ஆர், பிள்ளை? திரும்பி வரேக்க பிளேனில கோப்பியோ தேத்தண்ணியோ எண்டு கேக்க, என்னைத் திரும்பியும் பாக்காமல் "ரீ பிளீஸ்" எண்டா. நல்ல வடிவாத்தான் சொன்னா.

வைத்தியநாதன் ரெண்டு தரம் ஃபோன் எடுத்தவர். செத்த வீட்டுக்கும் வந்து கோயிலில கடைசி வாங்கில இருந்தவர். நான் வரேல்ல எண்டு சொல்லிப்போட்டன். அவருக்கு விளங்கேல்ல. உமக்கும் விளங்காது, பரவாயில்லை, உள்ளபடி மொழிபெயர்த்தால் காணும்.

ஓம். கேள்வி எனக்கு விளங்கினது. பதிலும் தெரியும். அந்தப் பதிலைச் சொன்னால் அக்கா தப்பிடுவா எண்டும் தெரியும். தெரிஞ்சுதான் இல்லை எண்டு சொன்னனான், ரெண்டு தரமும். ஒரு தரம் தடுமாறிச் சொன்னது இல்லை.

ஆனால் ஒண்டு சொல்லோணும். அந்தக் காய்ச்சல் நாளையில அக்கா திரும்பவும் பழைய அக்கா. தண்ணி வேணுமெண்டாலும் மேரி, டொக்டருக்கு என்ன சொல்லுறது எண்டாலும் மேரி. கையை விடாதை எண்டா, நான் விடேல்ல. சட்டை மாத்தினது நான், நெத்திக்கு ஈரத்துணி போட்டது நான், கஞ்சியைக் கரண்டியில ஆத்தி ஆத்திக் குடுத்தது நான். வேற ஒருத்தரையும் கிட்ட வர விடேல்ல.

இதை மட்டும் ஒரு சொல்லும் குறையாமல் எழுதச் சொல்லும், பிள்ளை. நான் அக்காவை நல்லாத்தான் பார்த்தனான்.